திருகோணமலையில் ஒரு பகல்: வானா, ஓட்டோவா, லைன் பஸ்ஸா?

கோணேசர் கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டோடு சித்தி நின்ற நிற்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்திக் கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து விடியப்புறம் நாலு மணிக்கு வான் பிடித்து வெளிக்கிட்டவர்கள், 11 பேர். வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை, பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகள், அதற்குப் பிறகு கோயில் என்று வந்து சேர அந்தக் கால் மணித்தியாலம் பிந்திவிட்டது. "இனிப் பின்னேரம்தான் திறப்பினம் அம்மா" என்று பூக்கடைக்காரப் பிள்ளை சொன்னது. பின்னேரம் நிலாவெளிக் கடற்கரையில் நிற்கவேண்டும் என்பது வான்காரரின் கணக்கு. சித்தி தட்டைப் படியில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, தேங்காயைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு மலை இறங்கினா.

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் போதும், "ஒரு நாள்தான் நிற்போம், எல்லாம் காட்டு" என்று சொந்தக்காரர் யாராவது வந்து இறங்குவார்கள். சித்தி குடும்பம் போன கையோடு, கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு சுற்றினேன். பிறகு மட்டக்களப்பிலிருந்து வந்த மருமகனையும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளையும் லைன் பஸ்ஸிலும் கால்நடையாகவும் கூட்டிப் போனேன். ஊர் ஒன்றுதான், இடங்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்று நாளும் மூன்று விதமாக முடிந்தன.

அதில் எனக்குப் பிடிபட்டது இது. திருகோணமலையில் எத்தனை இடம் பார்த்தோம் என்பதை வைத்து நாளை அளக்க முடியாது. கடலுக்கு ஒரு நேரம் இருக்கிறது, கோயிலுக்கு ஒரு நேரம் இருக்கிறது, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெய்யிலுக்கு ஒதுங்கவேண்டிய நேரம் இருக்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் மத்தியானத் தார் வீதியில் நிற்கவே முடியாது, அடுப்பு வாயில் நிற்பதுபோல இருக்கும். நீங்கள் ஏறுகிற வாகனம் இந்த நேரங்களுக்கு வளைந்து கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

வான்

முதலில் வானுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். குடும்பமாக வருகிறவர்களுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. வயதானவர்கள், கைக்குழந்தை, மாற்றுடுப்பு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு, தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். ஏசி இருக்கும். வாடகையை 11 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு விழுகிற காசு ஓட்டோவைவிடக் குறைவு. பிள்ளைகள் நித்திரை கொள்ளலாம்.

ஆனால் 11 பேர் இறங்கி, செருப்பைத் தேடி, ஒருவர் கழிப்பறைக்குப் போய்வந்து, திரும்ப ஏறி முடிய அரை மணித்தியாலம் போகும். ஆறு இடத்தில் இறங்கி ஏறினாலே மூன்று மணித்தியாலம் முடிந்துபோகும். வெளியூர் வான் சாரதிகளுக்கு இடங்களின் பெயர் தெரியும், எந்த இடத்துக்கு எப்போது போகவேண்டும் என்பது தெரியாது. அன்றைக்குத் தாளில் எழுதியிருந்தது கன்னியா, கோணேஸ்வரம் என்கிற கோணேசர் கோயில், கோட்டை, பத்திரகாளி அம்மன் கோயில், நிலாவெளி, புறாத்தீவு. கன்னியாவில் ஒரு மணித்தியாலம் என்று போட்டிருந்தார்கள், இரண்டு போனது. கோயில் சாத்தியிருந்தது. புறாத்தீவுக்குப் போகிற போட் பின்னேரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் 11 பேருக்கு ஒரு போட் காணாது. கடைசியில் நிலாவெளிக் கரையில் நின்று தீவைக் கையால் காட்டிவிட்டுத் திரும்பினோம்.

எனக்கு அதைவிட வருத்தம் தந்தது கோட்டை வாசல். வானும் ஓட்டோவும் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால் நுழைந்து மேலே கோயிலடி வரை போகலாம். அதனாலேயே வாசலை யாரும் பார்ப்பதில்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கட்டிய கோட்டை இது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர் எடுத்து 1803இல் இப்போதைய பெயரை வைத்தார்கள். அந்த வாசலில் பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கிய கல் இருக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று தொடங்குகிற, சிதைந்த தமிழ் எழுத்துக் கல்லும் அங்கேதான் இருக்கிறது. பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று வரிசையாக ஆளவருகிறவர்களைச் சொல்லும் அந்தப் பாட்டை எங்கள் அப்பா சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார். சித்தியின் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் அந்த வாசலுக்குள்ளால்தான் வந்தார்கள். ஏசிக்காகப் பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார்கள். நான் "அங்கே பாருங்கோ" என்று சொல்ல முந்தி வான் உள்ளே போய்விட்டது.

அப்படியானால் வானே வேண்டாமா என்றால், இல்லை. வானுக்கு ஏற்ற நாள் வேறொன்று இருக்கிறது. நகரை விட்டுத் தெற்கே மட்டக்களப்பு வீதியால் போகிற நாள் அது. அந்த வழியில் ஓட்டோ வானுக்குக் கிட்டவும் வரமுடியாது. சீனக்குடா தாண்டி மார்பிள் பீச்சில் பிள்ளைகளைக் குளிக்க விடலாம். விமானப்படை பராமரிக்கிற இடம், டிக்கெட் உண்டு, அலை அடங்கிய தண்ணீர். அங்கிருந்து கிண்ணியாப் பாலம். 2009இல் திறந்த அந்தப் பாலம் 396 மீற்றர் நீளம், திறந்தபோது நாட்டிலேயே நீளமானது. அதற்கு முன்னர் அந்த இடத்தில் பாதைதான் ஓடியது. பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற மிதவை. காத்து நின்ற நேரத்தைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பாலத்தின் நடுவில் வானை மெதுவாக விடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்க்கலாம்.

மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடா. மகாவலி கடலில் கலக்கிற இடம். 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞனும் அவனுடைய தகப்பனும் கப்பலைச் சரிசெய்யக் கரையிறங்கியபோது கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது இங்கேதான். பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்துக்குள் சிறையிருந்து 1679இல்தான் அவன் தப்பினான். இன்னும் தெற்கே சேருவில விகாரை, அதற்கும் அப்பால் வெருகல் ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில். திரும்பி வருகிற வழியில் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வரலாம். இந்த நாளில் வானில் இருக்கிற நேரம் வீணாகப் போகாது, இந்தப் பயணத்தில் வழியையே பார்க்கலாம். ஆனால் இந்த நாளோடு கோணேஸ்வரத்தையும் நிலாவெளியையும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் மூன்றும் கெடும்.

ஓட்டோ

பெரியம்மாவுக்கு 72 வயது. முழங்கால் வருத்தம். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தவ, மகளும் கூட வந்திருந்தா. வானுக்கு ஆள் காணாது, பஸ்ஸில் ஏற முடியாது. ஜமாலியாப் பக்கத்து ஓட்டோக்கார நானா ஒருவரிடம் முதல் நாளே பேசினேன். "அம்மாவ விடியக் கன்னியாவுக்குக் கொண்டுபோவம், வெய்யில் ஏற முந்தி திரும்புவம், நான் பள்ளிக்கூட ஹயரை முடிச்சிட்டு மூன்றரைக்கு வாறன்" என்றார். அந்த ஒரு வசனத்தில் நாளுக்கான முழுத் திட்டமும் இருந்தது. வான்காரர் நிழலில் படுத்திருந்தாலும் அந்த நேரத்துக்கும் நாங்கள்தான் காசு கொடுக்கவேண்டும். ஓட்டோக்காரருக்கு மத்தியானத்தில் வேறு உழைப்பு இருக்கிறது. அவர் பிள்ளைகளை ஏற்றி இறக்கப் போய்விடுவார், நாங்கள் வீட்டில் காற்றாடிக்குக் கீழ் படுத்துவிடலாம். இருவருக்கும் நட்டமில்லை.

விடியக் கன்னியா எப்படி இருக்கும் என்று பத்து மணிக்குப் பிறகு போகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பக்கத்தில் பக்கத்தில் சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள். ஆழம் ஓர் ஆளின் இடுப்பளவு வராது, அடி தெளிவாகத் தெரியும், அடியிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பும். ஒவ்வொன்றின் சூடும் வேறு. பெரியம்மா முதல் கிணற்றில் வாளியை விட்டு அள்ளிக் காலில் ஊற்றினா. அடுத்ததில் கையை வைத்துப் பார்த்து, "இது கூடச் சுடுது" என்று ஒரு கணம் நின்று, பிறகு தலையில் ஊற்றினா. ஏழு கிணற்றுக்கும் ஏழு வாளி. நாலாவதில் அழத் தொடங்கினா. தன்னுடைய அப்பாவின் அந்தியேட்டிக்கு, அதுதான் 31ஆம் நாள் கடனுக்கு, இதே இடத்தில் பதினாலு வயதில் நின்றதைச் சொன்னா.

இது எங்கள் சனத்துக்கு வெறும் பார்வையிடும் இடமில்லை. இராவணன் தாயின் இறுதிக் கடனுக்காக நிலத்தைக் குத்திய ஏழு இடத்திலும் நீர் கிளம்பியது என்பது ஐதிகம். அதனால் 31ஆம் நாள் கடன் செய்யத் தமிழர் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். இன்றைக்குத் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. பிள்ளையார் கோயில் இருந்த இடத்துக்காக 2019இல் இங்கே பெரிய போராட்டம் நடந்தது. சுற்றுலாவாக வருகிறவர்கள், வாளிக்கு நிற்கிற வரிசையில் வேட்டியோடும் ஈரத் தலையோடும் யாராவது நின்றால் தயவுசெய்து அவர்களை முன்னுக்கு விடுங்கள். சவர்க்காரம் போடாதீர்கள். போன தடவை வானில் வந்த எங்கள் ஆட்களே கிணற்றடியில் செல்ஃபி எடுக்க முண்டியடித்தார்கள். நான் அதைத் தடுக்காமல் நின்றேன், அது பிழை.

கன்னியாவிலிருந்து நானா எங்களை நேரே நகருக்குக் கொண்டுவரவில்லை. "நேரம் இருக்கு, நாதனார் கோயில் பாத்திருக்கிறீங்களா?" என்று கேட்டார். வெல்கம் விகாரையைத்தான் சொன்னார். பெரியகுளத்துக்குக் கிட்ட, காட்டு மரங்களுக்கு நடுவில், இடிந்த செங்கல் கட்டடங்களும் நிற்கிற புத்தர் சிலையும். சோழர் காலத்தில் இதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கவும் பசு கொடுக்கவும் தமிழர்கள் நிவந்தம் செய்ததைத் தமிழிலேயே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தமிழ்ப் பௌத்தம் என்று ஒன்று இருந்ததை இவ்வளவு கிட்ட நின்று பார்க்கக்கூடிய இடம் இந்த நாட்டில் மிகக் குறைவு. எந்த வான் திட்டத்திலும் இதன் பெயரை நான் கண்டதில்லை. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரையும் ஒரு காவலாளியையும் தவிர அங்கே யாருமில்லை. பெரியம்மாவின் மகள் கல்லெழுத்தில் "ஸ்ரீ" மட்டும் கண்டுபிடித்துவிட்டு விரலால் தொடாமல் காற்றில் எழுதிப் பார்த்தா.

மூன்றரைக்கு நானா சொன்னபடி வந்தார். கோட்டை வாசலில் ஓட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னேன், உடனே நிறுத்தினார். பெரியம்மா இறங்கவே தேவையில்லை, இருந்த இடத்திலிருந்தே இரட்டைக் கயலைப் பார்த்தா. உள்ளே ஆலமரத்தடியில் புள்ளிமான் கூட்டம். ஒன்று ஓட்டோவுக்குள் மூக்கை நீட்டியது. தயவுசெய்து அவற்றுக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தாளோடு போடாதீர்கள். பொலித்தீனையும் சேர்த்துத்தான் அவை விழுங்குகின்றன.

நடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக மேலே நின்றோம். கோணமலையின் கல் அந்த நேரத்தில்தான் காலைச் சுடாமல் விடும். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்தக் கடலைத்தான் முத்துக் கொழிக்கிற கடல் என்று பாடினார். இப்போதைய கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முதல் மண்ணுக்குள் புதைந்திருந்த விக்கிரகங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்தன. 1956இல் மலைக்குக் கீழே கடலில் முக்குளித்தவர்கள் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். இதை எல்லாம் சொல்லிக்கொண்டே இராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவுப் பக்கம் நின்றோம். பிள்ளைவரம் வேண்டிக் கட்டிய சின்ன மரத் தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று தட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. பெரியம்மா அரை மணித்தியாலம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாரும் அவவை "ஏறுங்கோ, நேரம் போகுது" என்று கூப்பிடவில்லை.

ஓட்டோவின் குறையையும் சொல்லவேண்டும். மூன்று பேருக்கு மேல் ஏறக்கூடாது. புழுதியும் அனல் காற்றும் முகத்திலேயே அடிக்கும். நிலாவெளி வீதியில் பஸ்கள் உரசிக்கொண்டு போகும்போது வயதானவர்கள் பயப்படுவார்கள். இருபது கிலோமீற்றருக்கு மேல் இடுப்பு தாங்காது, வெருகல் பக்கம் நினைக்கவே வேண்டாம். எல்லா ஓட்டோக்காரரும் இந்த நானா மாதிரியும் இல்லை. வேறொரு தடவை வந்தவர், நாங்கள் கேட்காமலே ஒரு கடைக்கும் ஒரு போட்காரரிடமும் கொண்டுபோய் நிறுத்தினார். கமிஷன் இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. ஆகவே முதல் நாளே பேசுங்கள். எந்தெந்த இடம், எத்தனை மணிக்கு, இடையில் விடுகிற நேரத்துக்குக் காசு உண்டா இல்லையா என்று மூன்றையும் வாயால் சொல்லி, அவரும் வாயால் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லைன் பஸ்ஸும் கால்நடையும்

மருமகனுக்கும் கூட்டாளிகளுக்கும் காசு இல்லை, காலில் பலம் இருந்தது. அவர்களுக்குக் கடல்தான் வேண்டும். விடியவே பஸ் நிலையத்தில் நிலாவெளிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம். குச்சவெளி, புல்மோட்டை என்று பலகை போட்ட பஸ் எல்லாம் அந்த வீதியால்தான் போகும். இறங்கிக் கடற்கரை வரை நடக்கவேண்டும், பொருட்படுத்துகிற தூரமில்லை.

புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட், போட் கூலி, முக்குளிக்கிற கண்ணாடி வாடகை என்று மூன்று செலவு. உள்நாட்டாருக்கு டிக்கெட் சின்னக் காசு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குப் பல மடங்கு. கன்னியாவிலும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் உறவுகள் தமிழில் கதைத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து வருவார்கள், அடையாள அட்டையைத்தான் கேட்பார்கள். போட் கூலி போட்டுக்குத்தான் என்பதால் மூன்று பேராகப் போவதைவிடக் கரையில் நிற்கிற வேறு ஆட்களோடு சேர்ந்து போனால் மலிவு. நாங்கள் குருநாகலிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டோம். அவர்களுடைய தமிழும் எங்களுடைய சிங்களமும் ஒரே அளவு, நன்றாகவே கதைத்தோம்.

கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரளவுதான். போய் இறங்கினால் காலடியில் மணல் இல்லை, வெள்ளை வெள்ளையாக உடைந்த பவளக் கொம்புகள். நடக்க நடக்க ஓட்டுத் துண்டு மிதிபடுகிற சத்தம். தண்ணீருக்குள் முகத்தை வைத்தவுடன் மருமகன் துள்ளி எழும்பினான். முதுகுச் செட்டை நுனியில் கறுப்பு வைத்த சுறாக்குட்டி ஒன்று அவனுக்கு முன்னால் போயிருக்கிறது. அவை ஒன்றும் செய்யாது, ஆளைக் கண்டால் விலகிப்போகும். பயப்படவேண்டியது எங்கள் காலுக்குத்தான். களைத்துப்போனவர்கள் உயிர்ப் பவளத்தின்மேல் ஏறி நிற்கிறார்கள். ஒரு கையளவு வளர எத்தனையோ வருடம் எடுக்கும் பவளம், ஒரு மிதியில் உடையும். நீந்தத் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட் போடுங்கள், மிதந்துகொண்டே பாருங்கள், காலைக் கீழே விடாதீர்கள். தீவில் கடை கிடையாது, தண்ணீரைக் கொண்டுபோய் வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும்.

காலை எட்டு மணிக்குள் தண்ணீரில் இருந்ததால் பத்தரைக்குள் முடிந்தது. பதினொரு மணிக்குப் பிறகு வருகிற கூட்டத்தையும், காற்று எழும்பிக் கலங்கிய தண்ணீரையும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினோம். இந்த விடயத்தில் பஸ்ஸை வானால் வெல்லவே முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து அன்றைக்கே வருகிற வான் எட்டு மணிக்கு நிலாவெளியில் நிற்கச் சாமத்திலேயே வெளிக்கிடவேண்டும்.

வழியில் இடையில் ஓரிடத்தில் இறங்கினோம். இரண்டாம் உலகப்போர் மயானம் அங்கே இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டுபோட்டுத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. வெட்டிப் பராமரித்த புல், வரிசையாக வெள்ளைக் கற்கள். பையன்கள் கல்லில் இருக்கிற வயதுகளை வாசித்துக்கொண்டு போனார்கள். 19, 21, 20. அவர்களுடைய வயதுதான். வாயாடிக்கொண்டு வந்தவர்கள் அடுத்த பஸ் வரும்வரை சத்தமில்லாமல் நின்றார்கள்.

மத்தியானம் நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறும் மீன் குழம்பும். பிறகு கடற்படையின் நூதனசாலை. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம், தடித்த சுவர், உயர்ந்த கூரை. வெய்யில் நேரத்தைக் கழிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. நாலு மணிக்குக் கோட்டை வாசலுக்கு நடந்தே போனோம். நடந்தபடியால் வாசல் கல்லை முழங்காலில் இருந்து பார்த்தார்கள், அந்தப் பாட்டைக் கைபேசியில் எழுதிக்கொண்டார்கள். மலையேற வியர்த்தது, மேலே வந்தவுடன் கடற்காற்று அதைத் துடைத்துவிட்டது. இருட்டின பிறகு டச்பே கடற்கரையில் கடலை வாங்கிக்கொண்டு பத்து மணி வரை இருந்தோம். ஊர்ச் சனம் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் இருக்கிற நேரம் அது. வான்காரர்கள் அதைக் காண்பதே இல்லை, ஆறு மணிக்கே ஹோர்ன் அடித்துவிடுவார்கள்.

பஸ் நாளின் குறை, கன்னியா கிடைக்காது. அனுராதபுர வீதியில் சந்தியில் இறங்கி உள்ளே நடக்கலாம்தான், ஆனால் அந்த நாளின் காலையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டோம். வயதானவர்களுக்கோ சின்னப் பிள்ளைகளுக்கோ இது சரிவராது. கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் விடிய வந்து இறங்குகிற இளம் ஆட்களுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன்.

யாருக்கு எது

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் யாராவது என்னிடம் கேட்டால் ஓட்டோ என்பேன், இரண்டு ஓட்டோ பிடிக்கவேண்டி வந்தாலும் ஓட்டோதான். மூன்று நாளில் என் மனம் நிறைந்த நாள் அது. காசை மட்டும் பார்த்தால் பஸ். பெரிய குடும்பத்துக்கு வான், ஆனால் தெற்கு வழிக்கு மட்டும். நகரையும் கன்னியாவையும் நிலாவெளியையும் ஒரே பகலில் வானில் முடிப்பதாக யாராவது விலை சொன்னால், நடை சாத்துகிற நேரத்துக்கு எங்கே நிற்போம் என்று அவரிடம் கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

பருவம் மாறினால் கணக்கும் மாறும். கார்த்திகை தொடங்கி வாடை அடிக்கிற மாதங்களில் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் போட் ஓடாது. அப்போது பஸ் நாளின் பாதி போய்விடும். மழைக்கு ஓட்டோவின் பக்கத் திரையும் போதாது. அந்த மாதங்களில் மட்டும் நகருக்கும் வானையே பிடியுங்கள், கன்னியாவின் சுடுநீரும் அந்தக் குளிரில்தான் உடம்புக்கு இதமாக இருக்கும். சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் வருகிறவர்களுக்கு நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். அந்த மாதங்களில் கோணமலைக்கு வெளியே திமிங்கிலம் பார்க்கவும் போட் விடுகிறார்கள், ஆனால் அது ஒரு காலை முழுவதையும் எடுக்கும். புறாத்தீவையும் அதையும் ஒரே நாளில் வைத்தால் பிள்ளைகளுக்கு வாந்திதான் மிஞ்சும்.

சித்தி ஆவணியில் திரும்ப வாறாவாம். இந்தமுறையும் 11 பேர், அதே வான். நான் போனில் சொல்லியிருக்கிறேன், முதல் நாள் பின்னேரமே வந்துவிடுங்கள், இரவு எங்கள் வீட்டில் பாய் விரிக்கலாம், வான் முற்றத்தில் நிற்கட்டும். நானாவிடமும் சொல்லிவிட்டேன், அவருடைய தம்பியையும் மச்சானையும் ஒரு கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு நாலு ஓட்டோவாக மூன்றே முக்காலுக்கு வருவார்கள். வாசலில் நாலும் நிற்கும். "தேங்காய் யாழ்ப்பாணத்திலையிருந்து கொண்டுவரவோ?" என்று சித்தி கேட்டா. வேண்டாம், மலையடியில் வாங்கலாம் என்றேன்.